இருபது வயதில் தீராத நோயா? – கேள்வி பதில்

இளம் வயதிலேயே வந்து, கூடவே தங்கிவிடும் நோய்கள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த வாரம் முழுப் பக்கமும் ஒதுக்கியாயிற்று. ‘ஏன் குறிப்பிட்ட சில மக்களுக்கு மட்டும் அதிகமாக வருகிறது?’ என்பதுதான் பாதிக் கடிதங்களில் இருந்த கேள்வி.

‘இந்த வயசுல உனக்கு என்ன நோய் வந்துடப் போகுது?’ என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
*(கல்லூரி மாணவி, திருச்சி)*

‘வந்துவிட்டது, கொஞ்சம் உட்காரட்டுமா?’ என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

சிக்கிள் செல் என்கிற அரிவாள் அணு ரத்தசோகையை மேலை மருத்துவம் முதன்முதலாக எழுதி வைத்ததே ஓர் இளைஞரின் உடம்பைப் பார்த்துத்தான். கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க சிகாகோவுக்கு வந்தவர் வால்டர் கிளெமென்ட் நோயல். 1904இல் மருத்துவமனைக்குப் போனபோது அவருக்கு வயது 20. பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயர்ன்ஸ் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பணுக்கள் சில பிறைபோல வளைந்திருந்தன. 1910இல் ஜேம்ஸ் ஹெரிக் அதைக் கட்டுரையாக்கினார். நோயல் இத்தனை வலிகளுக்கு நடுவிலும் படிப்பை முடித்தார், ஊர் திரும்பினார், கிளினிக் வைத்துத் தொழில் செய்தார். 1916இல், 32 வயதில், நிமோனியாவில் இறந்தார். கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. அதில் அவர் பெயர் இல்லை.

என் தம்பிக்கு சிக்கிள் செல். மழைக்காலம் வந்தால் கை கால் வலியில் துடிக்கிறான். ‘நிறையத் தண்ணீர் குடி’ என்கிறார் டாக்டர். வலிக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?
*(வாசகி, கூடலூர்)*

நேரடிச் சம்பந்தம். சாதாரண சிவப்பணு வட்டமாக, மெத்தென்று இருக்கும். தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாயிலும் உடம்பை மடக்கிக்கொண்டு புகுந்து போய்விடும். உங்கள் தம்பியின் அணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கம்பிகளாகிவிடுகிறது. அணு விறைத்து வளைகிறது. வளைந்தது வழியில் சிக்குகிறது. பின்னால் வருவதெல்லாம் அங்கேயே தேங்குகிறது. அதற்கப்பால் இருக்கும் எலும்புக்கும் தசைக்கும் ரத்தம் போகாது. அந்த வலிதான் இது.

உடம்பில் நீர் குறைந்தால் அணுவுக்குள்ளும் குறையும். ஹீமோகுளோபின் நெருக்கியடித்துக்கொண்டு இன்னும் சீக்கிரம் ஒட்டும். குளிர் பட்டால் ரத்தக்குழாய் சுருங்கும். உங்கள் ஊரில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. கூடலூர் ஆடி மழையில் யாருக்குத் தாகம் எடுக்கும்? தாகத்துக்குக் காத்திராமல் குடிக்க வேண்டியது அதனால்தான். வெதுவெதுப்பான தண்ணீர், ஸ்வெட்டர், காய்ந்த உடை. வலிக்கிற இடத்தில் ஐஸ் வைக்கவே கூடாது.

இன்னொன்று, இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். இந்த நோயில் மண்ணீரல் சின்ன வயதிலேயே பழுதாகிவிடுவதால், மற்றவர்களுக்குச் சாதாரணமாகப் போகிற கிருமித்தொற்று தம்பிக்கு உயிர் ஆபத்தாகலாம். காய்ச்சல் 101ஐத் தாண்டினால் கஷாயம் வைத்துப் பார்க்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. தடுப்பூசிகளை ஒன்றுவிடாமல் போடுங்கள். ஹைட்ராக்ஸியூரியா எழுதித் தந்திருந்தால் வலி இல்லாத நாளிலும் விழுங்க வேண்டும். இடையிடையே ரத்தம் எடுத்து அணுக்களின் எண்ணிக்கையும் பார்க்க வேண்டும்.

இது பழங்குடியினர் நோய்தானே? நமக்கெல்லாம் வராது அல்லவா?
*(வியாபாரி, மதுரை)*

அந்த ‘நமக்கெல்லாம்’ என்பதில் கூடலூர் தம்பியைச் சேர்த்தீர்களா, விட்டுவிட்டீர்களா?

இந்த மரபணு தோலையும் சாதியையும் பார்த்து வரவில்லை, மலேரியாவைப் பார்த்து வந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் நோய் வராது. கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும். அதனால் தலைமுறை தலைமுறையாகக் கொசு கடித்த இடங்களிலெல்லாம் அது தங்கிவிட்டது: மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா, அரேபியா, சிசிலி, கிரீஸ், இந்தியாவின் மத்திய மாநிலங்கள், நம் நீலகிரி. கிரீஸில் ஆர்க்கொமெனோஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வெள்ளைத் தோல்காரர்களிடம் இது சகஜம். இந்தியாவில் இது இருப்பதை 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் ஹெர்மன் லெமனும் மேரி கட்புஷும் கண்டு எழுதினார்கள்.

அமெரிக்காவில் இதைக் கறுப்பர் நோய் என்றார்கள், இங்கே பழங்குடி நோய் என்கிறோம். பெயர் வைத்ததோடு, அது ‘அவர்கள் பாடு’ என்று ஒதுங்கிக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்காவில் சிக்கிள் செல் உள்ளவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். வெள்ளையரிடம் அதிகம் காணப்படும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் இன்னொரு பரம்பரை நோய் உள்ளவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஆராய்ச்சிக்கு அரசு ஒதுக்கிய பணத்தை நோயாளிக் கணக்கில் வகுத்துப் பார்த்தபோது, இரண்டாவதற்கு மூன்று மடங்குக்கும் மேல் போயிருந்தது.

எங்கள் பாடியில் முகாம் போட்டு விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஏதோ தண்ணீரில் கலந்து கோடு போட்ட அட்டையில் வைத்துப் பார்த்தார்கள். அது என்ன?
*(வாசகர், பந்தலூர்)*

ஒரு சொட்டு ரத்தத்தை ஒரு ரசாயனக் கரைசலில் விட்டு, குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடுகள் போட்ட அட்டையைப் பிடிப்பார்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் சிக்கிள் ஹீமோகுளோபின் இல்லை. கரைசல் கலங்கிக் கோடு மறைந்தால் இருக்கிறது. ஆனால் அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த ஒற்றைப் பங்கா, இருவரிடமிருந்தும் வந்த இரட்டைப் பங்கா என்று இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு எலக்ட்ரோபோரெசிஸ் அல்லது ஹெச்பிஎல்சி என்ற அடுத்த சோதனை வேண்டும். கோடு மறைந்தவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் விடாதீர்கள்.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசம் ஷாடோலில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் இலக்கு, 40 வயது வரையிலான 7 கோடிப் பேரை இப்படிச் சோதிப்பது. 2047க்குள் நோயை ஒழிப்பதாகச் சொல்கிறார்கள். சோதிப்பது முதல் படி. கோடு மறைந்த பிள்ளைக்கு மாதாமாதம் மாத்திரை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறதா என்பதை வைத்துத்தான் நான் இந்தத் திட்டத்தை எடைபோடுவேன்.

எனக்கும் நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கும் ஒற்றைப் பங்கு இருப்பதாக ரிப்போர்ட். கல்யாணத்தை நிறுத்தச் சொல்கிறார்கள்.
*(பெயர், ஊர் வேண்டாம்)*

தங்கச்சி, கல்யாணத்தை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த ரிப்போர்ட்டுக்கும் இல்லை. தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை உங்கள் இருவருக்கும் இருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உங்களைப் போல ஒற்றைப் பங்கோடு பிறக்கப் பாதி. எதுவுமே இல்லாமல் பிறக்க நான்கில் ஒரு பங்கு. ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாயக்கட்டைக்குப் போன ஆட்டம் ஞாபகம் இருக்காது. கருவிலேயே சோதித்துப் பார்க்க முடியும்; அதைச் செய்வதா, பிறகு என்ன செய்வது என்பதை ஆலோசகரோடு நிதானமாகப் பேசுங்கள்.

ரிப்போர்ட்டை வைத்து ஒதுக்குவது புதிதல்ல. அமெரிக்காவில் 1970களில் அவசர அவசரமாகச் சட்டம் போட்டுச் சோதித்தார்கள். நோயே இல்லாத ஒற்றைப் பங்குக்காரர்களுக்குக்கூட விமானப்படைக் கல்லூரிக் கதவு 1981 வரை மூடியிருந்தது.

என் மகள் லண்டனில் நர்ஸ். சிக்கிள் செல் பிள்ளைகள் வலி என்று வந்தால் ‘போதை மருந்துக்கு நடிக்கிறார்கள்’ என்று சந்தேகப்படுகிறார்களாம். உண்மையா?
*(ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்)*

உண்மை, ஐயா. உங்கள் மகள் சரியாகவே பார்த்திருக்கிறார்.

இந்த வலி பெரும்பாலும் வெளியே தெரியாது. வீக்கம் இருக்காது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். ரத்த ரிப்போர்ட்டும் அவருக்கு எப்போதும் இருக்கிற மாதிரியேதான் இருக்கும். நோயாளியின் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி. அப்போது யாருடைய சொல் எடுபடுகிறது என்ற கேள்வி வந்துவிடுகிறது. பத்தொன்பது வயதுக் கறுப்பினப் பையன் வந்து, இன்ன மருந்து, இத்தனை மில்லிகிராம், அதுதான் எனக்குக் கேட்கும் என்கிறான். ஆறு வயதிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவனுக்கு அது மனப்பாடமாக இருக்காதா? ஆனால் அந்த மனப்பாடமே அவனைச் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது.

வந்த 30 நிமிடத்துக்குள் வலிநிவாரணி தர வேண்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2012இலேயே எழுதிவிட்டது. 2019இல் லண்டனில் 21 வயது சிக்கிள் செல் நோயாளி ஒருவர், வார்டில் படுத்திருந்தபடியே 999க்கு ஃபோன் செய்து ஆக்சிஜன் கேட்டார். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து ஆம்புலன்ஸ் எண்ணுக்கு! அவர் பிழைக்கவில்லை. உரிய நேரத்தில் ரத்தம் மாற்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்று மரண விசாரணையில் வெளிவந்தது. அதையடுத்து 2021 நவம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் குழு வெளியிட்ட அறிக்கைக்கு ‘யாரும் காது கொடுப்பதில்லை’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: கட்டிலருகே முதலில் நிற்பவர் நர்ஸ். அவர் நம்பினால் பாதிச் சண்டை முடிந்தது.

சில இனத்தாருக்கு சர்க்கரை ரத்தத்திலேயே இருக்கிறது என்கிறார்களே?
*(வாசகர், ஈரோடு)*

பீமா மக்கள் கதையைக் கேளுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் கிலா ஆற்றங்கரையில் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தவர்கள் இவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வழியாகப் போன பயணிகளுக்கும் ராணுவத்துக்கும் கோதுமை விற்கிற அளவுக்கு விளைச்சல். நூற்றாண்டின் கடைசியில் மேல்மடையில் குடியேறியவர்கள் ஆற்றை மறித்துத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது, பஞ்சம் வந்தது. பின்னால் அரசாங்க ரேஷன் வந்தது: மைதா, பன்றிக்கொழுப்பு, சர்க்கரை.

1965இல் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் அங்கே கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். உலகிலேயே அதிக நீரிழிவு அங்கேதான் என்று தெரிந்தது. பெரியவர்களுக்கே வரும் என்று பாடப்புத்தகம் சொன்ன இரண்டாம் வகை, அங்கே பிள்ளைகளுக்கும் வருவதாக 1979இல் எழுதினார்கள். ‘பீமா மரபணு’ என்று உலகமே பேசியது.

அதே மரபைச் சேர்ந்த சொந்தக்காரர்கள் மெக்சிகோவின் சொனோரா மலையில், மைக்கோபா என்ற ஊரில், இன்னும் ஏர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் போய்ச் சோதித்தார்கள். 2006இல் வெளிவந்த முடிவு: அரிசோனா பீமாக்களில் 38 சதவீதம் பேருக்கு நீரிழிவு, மெக்சிகோ பீமாக்களில் 6.9 சதவீதம். பக்கத்தில் வாழும் மற்ற மெக்சிகோக்காரர்களில் 2.6. மரபுக்கும் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 6.9ஐ 38 ஆக்கியது எது? ஈரோட்டுக்காரருக்குக் கடைமடையில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2004இல் சட்டம் போட்டு அந்த மக்களுக்குத் தண்ணீர் உரிமையைத் திரும்பத் தந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எனக்கு 27 வயது, ஒல்லி. ஆனாலும் சர்க்கரை என்கிறார்கள். லேபில் தப்பாகிவிட்டதோ?
*(மென்பொருள் ஊழியர், சென்னை)*

இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் ஒல்லி என்பதால் மட்டும் நம்பாமல் இருக்காதீர்கள், தம்பி.

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் உயரம்-எடை விகிதமான பிஎம்ஐ ஒன்றேதான், 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. புனேயில் பிறக்கும் குழந்தைகள் எடை குறைவாக இருந்தும் தோலடிக் கொழுப்பில் மட்டும் குறைவில்லை என்று யாஜ்னிக் குழு ஏற்கெனவே காட்டியிருந்தது. அதனால்தான் ஐரோப்பியருக்கு 25 என்றால் நமக்கு 23லேயே எச்சரிக்கை மணி. இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80.

டாக்டரிடம் ‘எனக்கு எந்த வகை?’ என்று கேளுங்கள். 27 வயது ஒல்லி உடம்பில் முதல் வகையாக இருக்கலாம், இரண்டாம் வகையாக இருக்கலாம், ஒற்றை மரபணுவால் வரும் மோடி (MODY) வகையாக இருக்கலாம். வறுமையில் பட்டினியோடு வளர்ந்த மெலிந்த இளைஞர்களுக்கு வருவது தனி வகை என்று வேலூர் சிஎம்சியின் நிஹால் தாமஸும் அமெரிக்காவின் மெரிடித் ஹாக்கின்ஸும் சேர்ந்து ஆய்ந்து எழுதினார்கள். 2025 ஏப்ரலில் சர்வதேச நீரிழிவு சம்மேளனம் அதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. ஜமைக்காவில் 1955லேயே கண்டு எழுதிய நோய் இது. ஏழை நாட்டு ஏழைப் பிள்ளைகளின் நோய்க்கு ஒரு எண் கிடைக்கவே எழுபது வருஷம். வகை மாறினால் மருந்தும் மாறும். இவர்களுக்கு இன்சுலின் கூடிப்போனால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து உயிருக்கே ஆபத்து.

சர்க்கரை இருந்தும், ‘இளசுதானே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறான் என் மகன்.
*(தாய், சேலம்)*

நேர்மாறு, அம்மா. அமெரிக்காவில் இரண்டாம் வகை நீரிழிவு வந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள். நோய் கண்ட 15 ஆண்டுகளுக்குள் 60 சதவீதம் பேருக்கு கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் ஒன்றிலாவது பாதிப்பு. அப்போது அவர்களின் சராசரி வயது 26. கண் டாக்டரிடம் இந்த மாதமே கூட்டிப் போங்கள்.

மனிதர் பாகுபாடு பார்ப்பார், மெஷின் பார்க்குமா?
*(பொறியியல் மாணவர், கோவை)*

செய்தவர் யாரை வைத்துச் செய்தாரோ, அவரைத்தான் அது சரியாகப் பார்க்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் தோல் வழியாக ஒளி பாய்ச்சி அளக்கிறது. கருவி ‘நன்றாக இருக்கிறது’ என்று காட்டிய நேரத்தில் உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்திருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 என்று 2020இல் மிச்சிகன் ஆய்வு காட்டியது. கருந்தோல் நம் ஊரிலும் உண்டு. மூச்சு வாங்குகிறவரைப் பாருங்கள், எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும் கணக்கு இன்னும் மோசம். கறுப்பினத்தவர் என்றால் விடையை 16 முதல் 21 சதவீதம் கூட்டிப் போடும் சூத்திரம் அமெரிக்காவில் 2021 வரை நடைமுறையில் இருந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்பு நாள் அங்கே 20க்கு இறங்கினால்தான் ஓடத் தொடங்கும். 18 என்று வர வேண்டியவருக்கு 21 என்று வந்தால்? அவர் வரிசைக்கே வெளியே நின்றார். 2021இல் சூத்திரத்தை மாற்றினார்கள். 2023இல் இழந்த நாட்களைத் திருப்பித் தரவும் உத்தரவு வந்தது.

நியூசிலாந்தில் இருக்கிறோம். மகனின் மவோரி நண்பனுக்கு 12 வயது. மாதாமாதம் பெனிசிலின் ஊசியாம். ஏன்?
*(வாசகி, ஆக்லாந்து)*

ருமாட்டிக் காய்ச்சல் வந்திருக்கும். ஸ்ட்ரெப் கிருமியால் தொண்டை வலி வந்து, சிகிச்சை இல்லாமல் போனால், கிருமியைத் தாக்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி இதய வால்வையும் சேர்த்துத் தாக்கிவிடும். மறுபடி வராமல் தடுக்க, சுமார் 28 நாளைக்கு ஒரு ஊசி, குறைந்தது பத்து வருஷம். உங்கள் நாட்டில் இது மவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளிடமே பெரும்பாலும் காணப்படுகிறது. ஈரம் கசியும் சின்ன வீட்டில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்தால் கிருமி சுலபமாகத் தாவும். வீட்டு நெரிசல் குறைந்தபோதே, பெனிசிலின் வருவதற்கு முன்பே, ஐரோப்பாவில் இந்த நோய் இறங்கத் தொடங்கியது. அந்தப் பையனுக்கு ஊசி மட்டும் போதாது, நல்ல வீடும் வேண்டும். ஊசி போடும் நாளில் உங்கள் மகனையும் துணைக்கு அனுப்புங்கள்.

சிக்கிள் செல்லை அடியோடு குணப்படுத்தும் மரபணுச் சிகிச்சை வந்துவிட்டதாமே?
*(வாசகர், தஞ்சாவூர்)*

வந்துவிட்டது. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் காஸ்கெவி என்ற அந்தச் சிகிச்சைக்கு அனுமதி தந்தன. அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். இந்த நோயோடு அதிகக் குழந்தைகள் பிறப்பதோ நைஜீரியா, காங்கோ, இந்தியா ஆகிய நாடுகளில். நோயல் சிகாகோ மருத்துவமனைக்குப் போய் நூறாண்டுக்கு மேல் கழித்து அறிவியல் இவ்வளவு தூரம் வந்ததில் எனக்கு மெய்யான மகிழ்ச்சி. ஆனால் 1998லேயே அங்கீகாரம் பெற்ற, அதைவிடப் பன்மடங்கு மலிவான ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை ஒவ்வொரு மலைக்கிராமத்துக்கும் போய்ச் சேரட்டும், அதற்குள்.

ஆதிவாசிகள் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள் என்கிறார்களே, அவர்கள் மேலும் தப்பு இருக்கிறதே?
*(வாசகர், ஊட்டி)*

ஒரு நாள் கூலி போகும், பஸ் இரண்டு மாற வேண்டும், போனால் ‘அந்தப் பக்கம் நில்லு’ என்று சொல்லுவார்கள் என்றால் நீங்கள் போவீர்களா? கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை 1990இலிருந்து நடக்கிறது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் வீட்டுப் பெண்களையே நர்ஸாகப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே மக்கள் வருகிறார்கள்.

எனக்கு 19 வயது, சிக்கிள் செல். கல்லூரி விடுதியில் சேரப் போகிறேன். சொல்லலாமா, மறைக்கலாமா?
*(மாணவர், பந்தலூர்)*

சொல்லுங்கள், தம்பி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் சிக்கிள் செல் நோய் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் சான்று வாங்கி யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தேர்வில் சலுகை கேட்கவும், வலி வந்து விடுப்பு எடுத்த நாட்களுக்குப் பேசவும் அது கையில் வேண்டும். முதல் மாடி வேண்டாம், தரைத்தள அறை கேளுங்கள். குளிக்க வெந்நீர் கேளுங்கள். உங்கள் டாக்டரிடம் வலிக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று கையெழுத்தோடு எழுதி வாங்கி, அதன் நகலை அறைத்தோழரிடமும் கொடுங்கள். வார்டனுக்குத் தரும் கடிதத்தில் ஒரு வரியைத் தனியாக, பெரிய எழுத்தில் எழுதுங்கள்: ‘காய்ச்சல் 101ஐத் தாண்டினால் ராத்திரி இரண்டு மணியானாலும் கேட்டைத் திறந்து என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.’ அதில் அவர் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.